கயிறு குடித்திருந்ததா?

எட்டு மாதத்துக்கு முன் நம் ஊரில் மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், இரண்டாவது மாடியின் வெளிப்புறச் சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஒருவர் கீழே விழுந்தார். வயது 28. இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்து போயின. கீழே கலவைச் சட்டி தூக்கிக்கொண்டு வந்த சித்தாளம்மா இரண்டடி பின்தங்கி வந்ததால் பிழைத்தார். அன்று மாலையே காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஐயாயிரம் ரூபாயை அடிபட்டவரின் மனைவி கையில் கொடுத்து, "தண்ணி போட்டுட்டு ஏறினான்மா, நான் என்ன செய்யட்டும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்துடன் காரியம் முடிந்துவிட்டது. டீக்கடையிலும் அதே தீர்ப்பு. சொந்தக்காரர்களிடத்திலும் அதே தீர்ப்பு. அந்த அம்மாளே கூட நம்மிடம், "அவர் மேலேதான் குத்தம்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே" என்றார்.

நாம் போய் விசாரித்தோம். மேஸ்திரி நமக்கு நெடுநாள் பழக்கமானவர். "அண்ணே, பொய் சொல்லமாட்டேன், அவன் வாயில வாடை இருந்தது வாஸ்தவந்தான்" என்றார்.

"வாடை இருந்தவனை ஏன் அப்பா சாரத்தில் ஏற்றினாய்?"

"அன்னைக்கு வாடை இல்லாத ஆள் யாருண்ணே இருந்தா? முதல் நாள் கான்கிரீட்டு. ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை. முடிஞ்சதும் காண்ட்ராக்டரே ஆளுக்கு ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தாரு. காலையில ஆறு மணிக்கெல்லாம் பூச்சுக்கு வந்தாகணும்னும் அவர்தான் சொன்னாரு."

பிறகு சாரத்தைப் பார்த்தோம். முடிச்சு அவிழவில்லை. கயிறு அறுந்திருந்தது. மழையிலும் வெயிலிலும் கிடந்து கறுத்து, கையால் முறுக்கினாலே நார் நாராய் உதிரும் கயிறு. "சரி, மேஸ்திரி, அவன் குடித்திருந்தான், இந்தக் கயிறும் குடித்திருந்ததா?" என்று கேட்டோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதைப்பற்றி நாம் எழுதப் புகுந்த காரணம், குடிகாரருக்குப் பரிந்து பேசவேண்டும் என்பதல்ல. குடித்துவிட்டு உயரத்தில் ஏறுகிறவனும், வண்டி ஓட்டுகிறவனும், ஓடுகிற எந்திரத்தில் கை வைக்கிறவனும் தன்னை மாத்திரமல்லாமல் பக்கத்தில் இருப்பவனையும் கொல்லத்தக்கவன் என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்கின்ற வழக்கையும் நாம் இன்று எடுக்கவில்லை. 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய அந்த வழக்கு, 1971-ல் தளர்ந்து, 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை நடத்துகிற நிலைமைக்கு வந்தும் தீர்ந்தபாடில்லை. நாம் கேட்பது வேறு. வேலைக்களத்தில் குடி என்பதை நம்மவர்கள் பாவம், புண்ணியம், ஒழுக்கம், தலைவிதி என்கின்ற கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை ஆபத்து என்கின்ற கணக்கில் எழுதவேண்டும் என்பதுதான் நமது அபிப்பிராயம். பாவம் என்று எழுதினால் பழி முழுவதும் குடித்தவன் தலையில் விழும். முதலாளி கையைக் கழுவிக்கொண்டு போகலாம். ஆபத்து என்று எழுதினாலோ, அது எங்கிருந்து வந்தது, யார் தடுத்திருக்கலாம், ஏன் தடுக்கவில்லை என்று எல்லோரையும் கேட்கவேண்டி வரும்.

முதலில் கணக்கையே பார்ப்போம். கடையில் விற்கும் ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து. அதாவது சுமார் 60 கிராம் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆள் இதைக் குடித்தால், இரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் 150 மில்லிகிராம் வரை ஏறக்கூடும். வண்டி ஓட்டுகிறவனுக்கு 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம். ஏறியது இறங்கவேண்டுமே, எப்படி இறங்குகிறது? கல்லீரல்தான் அதை எரித்துத் தீர்க்கவேண்டும். அதுவோ ஒரு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்கின்ற வேகத்துக்கு மேல் போவதில்லை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆகவே இரவு பதினொரு மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்து முடித்தவன் இரத்தம் சுத்தமாவதற்கு மறுநாள் காலை ஒன்பது மணி ஆகும். ஆறு மணிக்கு அவன் சாரத்தில் ஏறும்பொழுது, வண்டி ஓட்டக்கூட யோக்கியதை இல்லாத அளவு அவன் இரத்தத்தில் பாக்கி இருக்கும். இரண்டு குவார்ட்டர் குடித்தவனுக்கோ மறுநாள் மாலை வரையில் தீராது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் தூங்கி எழுந்து, பல் விளக்கி, குளித்து, இட்டிலி தின்றுவிட்டு வருகிறான். தான் தெளிந்துவிட்டதாக மனப்பூர்வமாக நம்புகிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. அவனுக்குச் சொல்லவேண்டியவர்களும் சொல்லவில்லை.

சொன்னவர்கள் என்ன சொன்னார்கள்? மோர் குடித்தால் இறங்கிவிடும், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் இறங்கிவிடும், கட்டங்காப்பி குடித்தால் தெளியும், தலையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் தெளியும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இவற்றில் எதுவும் கல்லீரலை ஒரு நிமிஷம்கூட அவசரப்படுத்தாது. காப்பி குடித்தவன் கண் விழித்திருக்கும் குடிகாரன், குளித்தவன் நனைந்த குடிகாரன், அவ்வளவே வித்தியாசம். குளிருக்குச் சாராயம் நல்லது என்பதும் இதே ரகம். தோலுக்கு அடியிலிருக்கும் இரத்தக் குழாய்கள் விரிவதால் சூடாக இருப்பது போல் தோன்றுகிறதே தவிர, உடம்பின் சூடு உண்மையில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள் வலி தெரியாமல் இருக்கக் குடிக்கிறார்கள். வலி தெரியாததுதான் அங்கே ஆபத்து. முதுகு முறியப்போகிறது என்று கூவுகிற காவற்காரனின் வாயைக் கட்டிவிட்டு மூட்டையைத் தூக்கினால் என்ன ஆகும்?

குடி ஒன்றுதான் மனிதனை வேலைக்களத்தில் மயக்குகிறது என்று நினைப்பதும் பிசகு. கடையில் எளிதாக வாங்கித் தின்கிற சளி மாத்திரைகள் சிலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து இருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் தூக்க மாத்திரையும், சில வலி மாத்திரைகளும் அப்படியே. கஞ்சா இருக்கிறது, அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மூச்சில் ஊதிப் பார்த்தால் சாராயம் இப்பொழுது எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். கஞ்சாவுக்குச் சிறுநீரைப் பரீட்சித்தாலோ, என்றைக்கோ புகைத்ததுகூடப் பல நாள் கழித்துத் தெரியும்; இந்த நிமிஷம் மயங்கியிருக்கிறானா என்பது தெரியாது. ஆகவே ஒரு மெஷினைக் கையில் கொடுத்துவிட்டால் புத்தி வேலை செய்யவேண்டியதில்லை என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆள் நிற்கிற நிலை, பேசுகிற பேச்சு, கை நடுக்கம் இவற்றைக் கவனிக்கத் தெரிந்த மேஸ்திரிக்கு மெஷின் ஒத்தாசையாகுமே ஒழிய, அது அவருக்குப் பதில் ஆகாது.

நிற்க, யாரும் குடியென்று கருதாத குடி ஒன்று உண்டு. தூக்கம் கெடுப்பதைத்தான் சொல்லுகிறோம். 1997-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு விஞ்ஞானிகள் பரீட்சித்து வெளியிட்டது என்னவென்றால், ஒருவன் 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், அவன் கண்ணும் கையும் இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவனுடையதைப் போலத் தடுமாறும். 24 மணி நேரம் விழித்திருந்தால் 100 மில்லிகிராம் ஏறியவனைப் போல ஆகிவிடுவான் என்பதாகும். நமது லாரி முதலாளிகள் டிரைவரை எத்தனை மணி நேரம் விழிக்க வைக்கிறார்கள்? சரக்கு விடிவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று சொல்லி, மாற்று டிரைவர் போடாமல், கிளீனரையும் நிறுத்திவிட்டு, ஒற்றை ஆளாய் ஓட்டச் சொல்லுகிறவர், அந்த டிரைவருக்குச் சம்பளத்தோடு குவார்ட்டரும் ஊற்றிக் கொடுத்தவருக்குச் சமானமா இல்லையா? போலீஸார் வழியில் நிறுத்தி டிரைவரைத்தான் ஊதச் சொல்லுகிறார்கள். முதலாளியை எந்தக் குழாயில் ஊதச் சொல்லுவது?

அந்த முதலாளி ஒன்றும் செய்யாமல் இருக்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது. ஆயுத பூஜை அன்று லாரிக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்தின் அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காயைப் போட்டு உடைத்துவிட்டார். உடைத்த பூசணிக்காயில் வழுக்கி விழுந்தவர்கள் கதை வேறு. டயரைப் பழத்தின் மேல் ஏற்றிப் பார்த்தவர், அந்த டயரில் பட்டை இருக்கிறதா என்று பார்த்தாரா? டிரைவரின் கண் சிவந்திருக்கிறதே, நேற்றுத் தூங்கினாயா என்று கேட்டாரா? அதே பூஜை அன்று சாயந்திரம் பட்டறையின் பின்புறத்தில் பாட்டில் உடைபடுவதும், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதும் நம் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது.

கூலியோடு குடியையும் கொடுப்பது நம் நாட்டுக் காண்ட்ராக்டர்கள் கண்டுபிடித்த யுக்தி அல்ல. தென்னாப்பிரிக்காவின் கேப் பிரதேசத்துத் திராட்சைத் தோட்டங்களில், வேலைக்காரர்களுக்குக் கூலியின் ஒரு பங்கை வெகுகாலம் ஒயினாகவே அளந்து ஊற்றினார்கள். சட்டம் வந்து தடுத்த பிறகும் பல தோட்டங்களில் அது நின்றபாடில்லை. அந்த வழக்கத்தினால், தாயின் வயிற்றிலேயே குடியால் மூளை பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் உலகத்திலேயே மிக அதிகமாய் உள்ள இடங்களில் ஒன்றாக அந்தப் பிரதேசம் ஆகிவிட்டது. இங்கிலாந்தில் 1883-ல் ஒரு சட்டம் செய்து, சாராயக் கடையில் வைத்துக் கூலி பட்டுவாடா செய்யக்கூடாது என்று தடுத்தார்கள். ஏன் தடுக்க வேண்டியிருந்தது? கூலி கொடுக்கிறவனும் கடைக்காரனும் கூட்டாளிகளாய் இருந்ததால்தான். கூலிக்காரன் குடித்துத் தெளியாமல் இருப்பதில் யாருக்கோ இலாபம் இருக்கிறது. பத்து மணி வரையில் செய்த அதிக வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி கேட்கவேண்டியவன், ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு, "மகராசன்" என்று வாழ்த்திவிட்டுப் போகிறான் அல்லவா?

இதன் மகா கொடுமையான ரூபத்தைப் பார்க்கவேண்டுமானால் சாக்கடைக் குழிக்குப் போகவேண்டும். குழிக்குள் இறங்கும் தொழிலாளி குடிக்காமல் இறங்கமாட்டான் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். வாஸ்தவம்; அநேகர் அப்படித்தான் இறங்கினார்கள். பிறருடைய மலத்தில் கழுத்து வரை நிற்பதற்கு, புத்தி தெளிவாய் இருக்கிற எந்த மனிதன் சம்மதிப்பான்? அப்படி நிற்பதற்கென்று ஒரு ஜாதியைப் பிறப்பிலேயே ஒதுக்கி வைத்து, நாற்றம் தாங்க முடியவில்லை என்றபொழுது காசைக் கொடுத்துக் குடித்துவிட்டு இறங்கச் சொல்லி, செத்த பிறகு "குடித்திருந்தான்" என்று எழுதுவதைவிட அயோக்கியத்தனம் வேறு உண்டா? குழியில் ஊறும் விஷவாயுக்களில் ஹைட்ரஜன் சல்பைடு என்று ஒன்று. கொஞ்சமாய் இருக்கும்பொழுது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரந்தான் உயிர் போகிற நேரம். குடித்தவன், குடிக்காதவன் என்கின்ற பேதம் அந்த வாயுவுக்குத் தெரியாது. மனிதனை இதற்கு இறக்கக்கூடாது என்று 1993-லும் 2013-லும் சட்டங்கள் வந்தன. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று 2014-லும், முப்பது லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கப்புறமும் ஆளை இறக்குகிறார்கள். அங்கே குடியை நிறுத்துவதற்கு ஒரே வழி, குழிக்குள் மனிதன் இறங்குவதை நிறுத்துவது.

சட்டம் "குடித்திருந்தான்" என்கின்ற வார்த்தைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1923-ம் வருடத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அதன் இடத்தில் வந்த 2020-ம் வருடத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. விபத்துக்கு நேர் காரணம் தொழிலாளி குடித்திருந்ததுதான் என்று ஏற்பட்டால், முதலாளி நஷ்டஈடு கொடுக்கவேண்டியதில்லை என்பது அது. இதுவரையில்தான் காண்ட்ராக்டர்கள் படிக்கிறார்கள். அதே ஷரத்தின்படி, சாவு ஏற்பட்டாலும், விபத்துக்கு முன் செய்யக்கூடியவனாய் இருந்த வேலைகளுக்கு இனி லாயக்கில்லாதபடி நிரந்தரமான முழு ஊனம் நேர்ந்தாலும், குடித்திருந்தான் என்கின்ற சாக்குச் செல்லவே செல்லாது. மற்றக் காயங்களிலும் "நேர் காரணம்" என்கின்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். வாயில் வாடை இருந்தால் மாத்திரம் போதாது. அந்தக் குடியினால்தான் விழுந்தான் என்று ருஜுவாக வேண்டும். அறுந்த கயிற்றில் நின்றால், வாழ்நாளில் சாராயத்தை முகர்ந்தே பார்க்காதவனும் விழத்தான் விழுவான்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நாம் புதிதாய் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. ரயில் என்ஜின் ஓட்டுகிறவர்கள் வேலைக்கு வந்து கையெழுத்துப் போடும் இடத்திலேயே மெஷினில் ஊதிவிட்டுத்தான் போகிறார்கள். ஆகாய விமானம் ஓட்டுகிறவர் புறப்படுவதற்கு முன் 12 மணி நேரம் குடிக்கக்கூடாது, ஊதியும் காட்டவேண்டும். யாரும் அதை அவமானம் என்று நினைப்பதில்லை. ஏனெனில் அங்கே எல்லோரும் ஊதுகிறார்கள். நம் ஊர்க் கட்டட வேலையில் சித்தாளை மட்டும் ஊதச் சொல்லிவிட்டு, காரில் வந்து இறங்கும் என்ஜினீயரை விட்டுவிட்டால் அது பரீட்சை அல்ல, வருணாசிரமம். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1995-ல் ஜெனீவாவில் நிபுணர்களைக் கூட்டி இதற்கென்று விதிகள் வகுத்தபொழுது, நிர்வாகிக்கும் தொழிலாளிக்கும் விதி ஒன்றே என்றும், குடிப் பழக்கத்தை மற்ற நோயைப் போலவே பாவித்துச் சிகிச்சைக்கு வழி செய்யவேண்டும் என்றும், ஒருவனுடைய விஷயத்தை ஊர் முழுவதும் தமுக்கடிக்கக்கூடாது என்றும் வைத்திருக்கிறார்கள். ஊதிப் பார்த்து இருக்கிறது என்று தெரிந்தவனைச் சாரத்தில் ஏற்றாமல், கலவை மெஷினுக்கும் அனுப்பாமல், வீட்டுக்கு அனுப்பவேண்டும். அவன் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் கொடுத்து அனுப்புவது, கொலையை இடம் மாற்றுவதாகுமே ஒழிய வேறல்ல.

தினமும் குடித்துப் பழகிப்போனவன் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். "நாளையிலிருந்து தொட்டால் வேலை கிடையாது" என்று மிரட்டுவதும், கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையில் கயிறு கட்டுவதும் நம்மவர்கள் அறிந்த இரண்டே வைத்தியங்கள். கயிறு கட்டிய பிறகு சிலர் நிறுத்தியிருக்கிறார்கள். நாம் இல்லையென்று சொல்லவில்லை. நிறுத்தியது அவர்கள் மன உறுதி. பெயர் மாத்திரம் கயிற்றுக்கு. ஆனால் வருஷக் கணக்காய் மிதமிஞ்சிக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளைக்குள் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், பிதற்றுவான். சிலர் செத்தும் போவதுண்டு. இது டாக்டர்கள் நன்றாய் அறிந்த நோய், மருந்தும் இருக்கிறது. நம் ஊர்களிலோ கயிறு கட்டிய மூன்றாம் நாள் வலிப்பு வந்தால், "சாமி குற்றம், கயிறு கட்டிக்கொண்டு மறைவாய்க் குடித்திருப்பான்" என்கிறார்கள். குடியை விட்டதற்காக வந்த வலிப்பைக் குடித்ததற்குத் தண்டனை என்று சொல்லி, மறுபடியும் அந்தக் கோயிலுக்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அங்கே தூக்கிக்கொண்டு ஓடினால் என்ன?

தொழிலாளத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. குடித்துவிட்டு வந்த கூட்டாளியை மேஸ்திரிக்குத் தெரியாமல் மூட்டைகளின் பின்னால் படுக்க வைப்பதும், அவன் பங்கு வேலையைப் பகிர்ந்துகொள்வதும் பெரிய சிநேகம் என்று நினைக்கிறீர்கள். அவன் படுத்துக் கிடந்தால் பாதகமில்லை. பகல் கூலி போய்விடுமே என்று பத்து மணிக்கு எழுந்துவந்து சாரத்தில் ஏறுகிறானே, அப்பொழுது கீழே நிற்பது உங்கள் அக்காளோ, பெண்டாட்டியோ ஆக இருக்கலாம்.

அந்தக் கொத்தனார் இப்பொழுது கோலூன்றி நடக்கிறார். டாக்டர்கள் உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது பார்க்கலாம் என்கிறார்கள். ஆகையால் முழு ஊனம் என்கின்ற கணக்கில் அவர் வருவாரா என்பது நிச்சயமில்லை. "நேர் காரணம்" எது என்றும் வாதாட வேண்டும். நஷ்டஈடு கேட்பதற்குச் சட்டம் இரண்டு வருஷம் தவணை கொடுக்கிறது. எட்டு மாதம் வீணாய்ப் போய்விட்டது. சென்ற வாரம் அவருடைய மனைவி வந்து விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தது யார் என்று அதிகாரிக்கு முன்னால் வந்து சொல்லுவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். காண்ட்ராக்டர் வேலை தரமாட்டேன் என்றால் என்ன செய்வார் என்பது தெரியவில்லை. அறுந்த கயிற்றில் இரண்டு முழம் நம்மிடம் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம்.